பிரசவ அறைக்குள் அறிதுயில்

கேள்வி: எனக்கு 27 வயது. தலைப்பிரசவம், எட்டாம் மாதம் நடக்கிறது. சுய ஹிப்னாடிசம் பழகினால் வலியே தெரியாது, வலி மரத்துப்போக முதுகில் போடும் எபிடியூரல் ஊசியும் தேவைப்படாது என்கிறாள் அலுவலகத் தோழி. ஆன்லைன் வகுப்புக்குப் பதினைந்தாயிரம் கேட்கிறார்கள். ‘வயிற்றுப் பிள்ளையோடு வசியமெல்லாம் வேண்டாம்’ என்கிறார் மாமியார். பிரசவத்தை நினைத்தாலே ராத்திரித் தூக்கம் போய்விடுகிறது. பழகலாமா?
– பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: முதலில் உங்கள் மாமியாருக்குச் சொல்லிவிடுகிறேன். இது வசியம் இல்லை, யாரும் உங்கள் புத்தியைப் பிடுங்கிக்கொள்ளப் போவதில்லை. 1840-களில் ஜேம்ஸ் பிரெய்டு என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் கிரேக்கத்தில் தூக்கத்தைக் குறிக்கும் ‘ஹிப்னோஸ்’ என்ற சொல்லை இதற்கு ஒட்டிவிட்டார். குழப்பம் அங்கே தொடங்கியது. தமிழில் அறிதுயில் என்கிறோம். அரங்கநாதர் பாம்பணையில் கொள்வதும் அதுதான் என்று மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள். கண் மூடியிருக்கும், அறிவு விழித்திருக்கும். பக்கத்தில் கூப்பிட்டால் காது கேட்கும், எழ நினைத்தால் எழலாம்.

சரி, வலி போகுமா? தோழி சொன்ன அளவுக்குப் போகாது. பிரிட்டனில் 680 தலைப்பிரசவப் பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 2015-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு ஒன்றரை மணி நேர வகுப்பு இரண்டும், தினமும் வீட்டில் கேட்க ஒரு சிடியும் கொடுத்தார்கள். எபிடியூரல் போட்டுக்கொண்டவர்கள் பழகியவர்களில் சுமார் 28 சதவீதம், பழகாதவர்களில் 30. பெரிய வித்தியாசம் இல்லை. டென்மார்க்கில் 1,200-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்விலும் எபிடியூரல் விஷயத்தில் இதே கதைதான். ஆனால் பிரிட்டிஷ் பெண்களிடம் இன்னொன்று தெரிந்தது. பிள்ளை பிறந்து இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோது, பயமும் பதற்றமும் நினைத்திருந்ததைவிடக் குறைவாகவே இருந்தன என்றவர்கள் பழகிய பிரிவில் அதிகம்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகத் தெரிவதும் அந்த ராத்திரிப் பயம்தான். பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும், கூடினால் இன்னும் பயம் வரும் என்று கிரான்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1930, 40-களிலேயே எழுதினார். பயம் போனால் வலியும் பெரும்பாலும் போய்விடும் என்கிற அளவுக்கு அவர் போனதை நான் ஏற்கவில்லை. அவர் பிள்ளை பெற்றவர் இல்லையே! பயத்துக்காக என்றால் தாராளமாகப் பழகுங்கள். எபிடியூரல் வேண்டாம் என்று இப்போதே சபதம் எடுக்காதீர்கள். தாங்க முடியாமல் கேட்டு வாங்கிக்கொண்டால் அது தோல்வி இல்லை.

பதினைந்தாயிரமும் வேண்டாம். தினம் இருபது நிமிடம் இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். இந்த மாதத்தில் மல்லாந்து நெடுநேரம் படுக்கக் கூடாது. மூக்கால் நான்கு எண்ணி மூச்சை இழுத்து, சூடான காபியை ஊதுகிற மாதிரி எட்டு எண்ணி விடுங்கள். நெற்றி, தாடை, தோள் என்று ஒவ்வொன்றாகத் தளர விடுங்கள். தாடையை மறக்காதீர்கள், பயத்தில் பல்லைக் கடிப்பது நமக்கே தெரியாது. அப்புறம் மனதுக்குள் வாசல் தெளித்து ஒரு சிக்குக் கோலம் போடுங்கள். புள்ளி வைத்து, இழை அறுபடாமல் சுற்றி, தொடங்கிய இடத்துக்கே வந்து சேருங்கள். முழுவலியில் ஒரு வலி ஏறி இறங்க ஏறக்குறைய ஒரு நிமிடம். ஒரு வலிக்கு ஒரு கோலம், அவ்வளவுதான் கணக்கு. கோலம் வராதவர் என்றால் தெரிந்த பேருந்துத் தடத்தை நிறுத்தம் நிறுத்தமாக நினைக்கலாம்.

கதவைச் சாத்திக்கொண்டு மட்டும் பழகாதீர்கள். நான் அப்படித்தான் பழகினேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் அலறியதும் கற்றதெல்லாம் காற்றில் போய்விட்டது. குக்கர் விசிலும் டிவி சீரியலும் கேட்கும்போதே இரண்டு மூன்று நாள் செய்து பாருங்கள்.

மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வலிப்பு நோயோ மனநலச் சிகிச்சையோ இருந்தால் அவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். உதிரம் பட்டாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ மூச்சை எண்ணிக்கொண்டு படுத்திருக்காமல் உடனே கிளம்புங்கள்.

கூட யார் இருப்பது? தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணைக்கு அனுமதி உண்டு. தனியார் என்றால் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நானாக இருந்தால் மாமியாரையே கேட்பேன். நீங்கள் மூச்சை விடும்போதெல்லாம் தோளில் கையை வைத்து மெல்ல அழுத்தட்டும். நாலு நாள் சேர்ந்து செய்தால் கை பட்டதுமே தோள் தானாகத் தளரும். வசியமா இல்லையா என்று அவருக்கும் தெரிந்துவிடும். போனில் உங்கள் குரலையே பதிந்து கேட்பதானால், இயர்போனையும் சார்ஜரையும் ஆஸ்பத்திரிப் பையில் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.