எம்.எல்.ஏ. அனுப்பிய அறிக்கையில் எங்கள் ஊருணி எந்த இடத்தில் நிற்கிறது?

கேள்வி: அண்ணே, வணக்கம். காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நடுவில் எங்கள் ஊர். சட்டமன்றக் கூட்டத்தொடர் முடிந்ததும் எங்கள் எம்.எல்.ஏ. தரப்பிலிருந்து நாலு பக்க அறிக்கை ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. என்னென்ன மசோதா நிறைவேறியது, தொகுதிக்கு என்ன கிடைத்தது என்று பட்டியல் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்வாரப் 'பரிந்துரைக்கப்பட்டது', சமுதாயக்கூடத்துக்கு 'ஒப்புதல் பெறப்பட்டது', காவிரி–குண்டாறு இணைப்பு 'வலியுறுத்தப்பட்டு வருகிறது' என்றெல்லாம் இருக்கிறது. ஊரில் பாதிப் பேர் வேலை வந்துவிட்டது என்கிறார்கள், மீதிப் பேர் எல்லாம் புளுகு என்கிறார்கள். எதை நம்புவது? அடுத்து யாரைப் போய்ப் பார்ப்பது?

பதில்:

தம்பி, ரெண்டு தரப்பும் அவசரப்படுகிறது. அறிக்கையில் பொய் இல்லை, ஆனால் வேலையும் இன்னும் வரவில்லை. ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கோப்பு தள்ளியே தலை நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த மாதிரி அறிக்கை கைக்கு வந்தால் ஒவ்வொரு வரிக்கும் ரெண்டே ரெண்டு கேள்வி போதும். இதற்கு எந்த ஆணை எண், எந்தத் தேதி? கோப்பு இப்போது எந்த அலுவலகத்தில் இருக்கிறது? இந்த ரெண்டுக்கும் பதில் இருக்கும் வரி வேறு, இல்லாத வரி வேறு. எம்.எல்.ஏ.வைத் திட்டுவதும் மாலை போடுவதும் அப்புறம்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம். தொகுதி மேம்பாட்டு நிதி என்றால் எம்.எல்.ஏ. கையில் பெட்டி பெட்டியாகப் பணம் இருப்பதாக ஊரில் ஒரு நினைப்பு. அப்படி இல்லை. தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் என்று இருந்து வருகிறது, அதிலும் ஒரு பகுதி இன்ன இன்ன வேலைக்குத்தான் என்று அரசே வரையறுத்துவிடும், மீதியில்தான் உறுப்பினரின் விருப்பத்துக்கு இடம். ஒரு தொகுதிக்குள் எத்தனை ஊராட்சி, எத்தனை வார்டு என்று எண்ணிப் பாருங்கள், அந்த 3 கோடி எவ்வளவு சின்னத் துணி என்று தெரியும். அந்தப் பணத்தையும் அவர் செலவழிக்க முடியாது. இந்த வேலையை எடுங்கள் என்று மாவட்ட ஆட்சியருக்கு எழுதிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். உங்கள் அறிக்கையில் 'பரிந்துரைக்கப்பட்டது' என்று இருப்பது இந்தக் கடிதத்தைத்தான்.

அந்தக் கடிதம் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருக்கும் மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்குப் போகும். அங்கிருந்து உங்கள் ஒன்றியத்துக்கு வரும், பொறியாளர் இடத்தைப் பார்த்து மதிப்பீடு போடுவார், அது மேலே போய் ஆட்சியரின் நிர்வாக ஒப்புதல் ஆணையாகத் திரும்பும், அப்புறம் தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பணி ஆணை. பணி ஆணை கையில் வந்த பிறகுதான் ஜே.சி.பி. ஊருக்குள் வரும். நடுவில் பூமிபூஜை படம் ஒன்று வரும், அதை எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் எடுப்பார்கள், அதை ஆதாரமாக நம்ப வேண்டாம். சமுதாயக்கூடத்துக்கு 'ஒப்புதல் பெறப்பட்டது' என்றால் நிர்வாக ஒப்புதல் வந்துவிட்டது என்று பெரும்பாலும் அர்த்தம், அதற்கு ஆட்சியரின் செயல்முறை ஆணை எண் கட்டாயம் இருக்கும். எண்ணைக் கேளுங்கள். எண் இல்லை என்றால் வாய்மொழி ஒப்புதல், அதாவது ஒன்றும் இல்லை.

இப்போது உங்கள் ஊருணி. செட்டிநாட்டில் இந்த விஷயம்தான் கொஞ்சம் சிக்கலானது. நம் பக்கம் ஊருணிகளில் பலவற்றைப் பழைய காலத்தில் நகரத்தார் வீட்டுக்காரர்களோ ஊராரோ சேர்ந்து வெட்டி, படித்துறை கட்டி, சுற்றுச்சுவர் எழுப்பி வைத்தார்கள். யார் வெட்டினார்கள் என்பது கல்வெட்டில் இருக்கும், யாருக்குச் சொந்தம் என்பது வருவாய்த்துறைக் கணக்கில் இருக்கும், ரெண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆகவே முதல் வேலை, வி.ஏ.ஓ.விடம் போய் அந்த இடத்தின் புல எண்ணை (சர்வே நம்பர்) வாங்கி, நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் அ-பதிவேட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது (இணையத்தில் வருவாய்த்துறையின் இ-சேவைப் பக்கத்திலும் அ-பதிவேடு விவரம் பார்க்கலாம்). ஊருணிப் புறம்போக்கு என்று இருந்தால் ஊராட்சி மூலம் வேலை நடக்கும். கோயில் பெயரில் இருந்தால் அறநிலையத்துறையின் சம்மதம் இல்லாமல் நகராது. ஏதாவது குடும்பத்தின் பெயரிலோ அறக்கட்டளையின் பெயரிலோ இருந்தால் தொகுதி நிதி அங்கே பெரும்பாலும் நுழையாது, ஏனென்றால் தனியார் சொத்தில் அந்தப் பணத்தைப் போடக்கூடாது. எம்.எல்.ஏ. பரிந்துரைத்தும் வேலை மாதக்கணக்கில் நிற்பதற்கு இது ஒரு பெரிய காரணம், இதை யாரும் அறிக்கையில் எழுதுவதில்லை.

ஊருணி ஒருவருடையது, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் இன்னொருவருடையதாக இருக்கலாம், மேலே இருக்கும் கண்மாய் மூன்றாவது ஆளுடையது. கண்மாயின் ஆயக்கட்டு, அதாவது அதில் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. வரத்துக்காலில் யாராவது வேலி போட்டிருந்தால் அது தாசில்தார், சர்வேயர் வேலை. ஊருணியை மட்டும் அழகாக ஆழப்படுத்திவிட்டு வரத்துக்காலை அப்படியே விட்ட ஊர்களை நம் பக்கம் நிறையப் பார்க்கலாம், மழை கொட்டினாலும் உள்ளே முழங்கால் தண்ணீர்கூட நிற்காது. உங்கள் அறிக்கையில் வரத்துக்கால் என்று தெளிவாகப் போட்டிருக்கிறார்கள், அது நல்ல அறிகுறி, யாரோ விவரம் தெரிந்தவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் அளந்து எல்லைக்கல் நடாமல் தூர்வார ஆரம்பித்தால் பக்கத்து நிலக்காரர் கோர்ட்டுக்குப் போவார், வேலை நின்றுவிடும். எனவே தூர்வாரச் சொல்லும் மனுவுக்கு முன்னால் அளந்து கொடுக்கச் சொல்லும் மனு.

பணம் போதவில்லை என்று பதில் வந்தால் 'நமக்கு நாமே' திட்டத்தைக் கேட்டுப் பாருங்கள். பொதுமக்கள் பங்காக மதிப்பீட்டில் பொதுவாக மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். வெளியூரிலும் வெளிநாட்டிலும் சம்பாதித்து ஊர்த் திருவிழாவுக்குத் தவறாமல் பணம் அனுப்புகிறவர்கள் நம் பக்கத்தில் குறைவா என்ன? அந்தப் பணத்தை நேரடியாக ஜே.சி.பி.க்காரருக்குக் கொடுப்பதைவிட இப்படிக் கட்டினால் மூன்று மடங்கு வேலை நடக்கும், செய்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்திலும் ஏறும்.

காவிரி இணைப்பைப் பற்றி ஊரில் சண்டை போட வேண்டியதே இல்லை. கரூர் மாவட்டம் மாயனூர் கதவணையில் தொடங்கி காவிரியை வைகையோடும் குண்டாற்றோடும் இணைக்கும் சுமார் 262 கிலோமீட்டர் கால்வாய் அது. 14,400 கோடி ரூபாய் மதிப்பு என்று சொல்லி 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மூன்று கட்டம். முதல் கட்டம் புதுக்கோட்டை மாவட்டத்துத் தெற்கு வெள்ளாறு வரை, அங்கிருந்து வைகை வரையிலான இரண்டாம் கட்டத்தில்தான் சிவகங்கைச் சீமை வருகிறது. இந்த அளவு திட்டத்தில் ஒரு எம்.எல்.ஏ. செய்ய முடிவது சட்டமன்றத்தில் கேள்வி கேட்பதும் துறைவாரிச் செலவுக்கான மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசுவதும்தான். 'வலியுறுத்தப்பட்டு வருகிறது' என்று அவர் எழுதியிருப்பது நேர்மையான வார்த்தை, அதற்கு மேல் எழுதியிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

சரி, மசோதாக்கள். 'நிறைவேறியது' என்று பார்த்ததும் மறுநாளே தாலுகா அலுவலகத்தில் போய்க் கேட்கிறவர்கள் உண்டு, அங்கே இருப்பவர் கைவிரிப்பார், இவர் கோபப்படுவார். நம் மாநிலத்தில் 1986-இல் மேலவையை எடுத்துவிட்டபடியால் பேரவை ஒன்றில் நிறைவேறினால் போதும், ஆனால் அத்தோடு அது சட்டம் ஆகிவிடாது. ஆளுநரின் ஒப்புதல் வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 200-ஆவது பிரிவுப்படி அவர் ஒப்புதல் தரலாம், நிறுத்தலாம், பண மசோதா இல்லையென்றால் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பி வைக்கலாம். நீட் விலக்கு மசோதா 2021 செப்டம்பரில் நிறைவேறியது, 2022 பிப்ரவரியில் ஆளுநர் திருப்பி அனுப்பினார், அதே மாதம் மறுபடி நிறைவேற்றி அனுப்பினார்கள், குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை என்ற செய்தி 2025 ஏப்ரலில் வந்தது. அதே ஏப்ரலில்தான் ஆளுநரிடம் கிடந்த 10 மசோதாக்களுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, நவம்பரில் அதே நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, ஆளுநருக்குக் கால வரம்பு விதிக்க முடியாது என்று கருத்துச் சொன்னது. ஆக, எப்போது கையெழுத்தாகும் என்று உங்கள் எம்.எல்.ஏ.வைக் கேட்டுப் பிரயோசனம் இல்லை.

கையெழுத்தானாலும் பல சட்டங்களில் 'அரசு அறிவிக்கும் நாளிலிருந்து நடைமுறைக்கு வரும்' என்று ஒரு வரி இருக்கும். அந்த அறிவிப்பு அரசிதழில் வரணும், விதிகளும் எழுதப்படணும். வீட்டு உரிமையாளர்–வாடகைதாரர் சட்டம் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டின் ஒரு பகுதியையோ முகப்பையோ வாடகைக்கு விடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய சட்டம் அது, வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும் என்கிறது. இதைவிட மோசமான உதாரணமும் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க ஓர் ஆணையம் அமைப்பதற்கான சட்டம் 2012-இல் நிறைவேறியது, நடைமுறைக்கு வந்தது 2024-இல்! நடுவில் செட்டிநாட்டு ஊர்க்கூட்டம் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலிலேயே ஏறிவிட்டது. அந்த இடைப்பட்ட காலத்தில் எத்தனை வீட்டுத் தேக்குத் தூணும் நிலைக்கதவும் லாரி ஏறிப் போயின என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே மசோதா வரியைப் பார்த்தால் அரசிதழ் தேதியைத் தேடுங்கள், எழுதுபொருள் அச்சுத்துறையின் இணையப் பக்கத்தில் அரசிதழ்கள் கிடைக்கும்.

பேரவை விதிகளில் 110-ஆவது விதியின் கீழ் முதலமைச்சர் அறிவித்தது, மானியக் கோரிக்கையில் அமைச்சர் அறிவித்தது என்று வருபவை மூன்றாவது ரகம். அவை சட்டமும் இல்லை, பணமும் இல்லை, அரசாணை வந்தால்தான் பணம். ஆனால் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது, அமைச்சர் பேரவைக்குள் கொடுத்த வாக்குறுதி நிறைவேறியதா என்று விரட்டிப் பார்ப்பதற்கென்றே பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது, பொதுப் பிரச்சினைகளுக்கு மனுக்கள் குழுவும் இருக்கிறது. மனுக்கள் குழு மாவட்டங்களுக்கு வரும்போது முன்கூட்டியே மனு கேட்டு நாளிதழில் அறிவிப்பு வரும். கோர்ட்டில் இருக்கும் விவகாரம், தனிப்பட்ட வேலை கேட்பது எல்லாம் அங்கே செல்லாது, வரத்துக்கால் மாதிரி ஊர்ப் பிரச்சினை செல்லும்.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனதால் அதை ஒட்டிய ஊர்க்காரர்கள் ஒன்றைத் தனியாகப் பார்க்கணும். உங்கள் ஊராட்சி அதற்குள் போய்விட்டதா இல்லையா என்பதைப் பொறுத்து எல்லாமே மாறும். உள்ளே என்றால் ஒன்றிய அலுவலகத்தில் நின்று பயனில்லை, மாநகராட்சிதான். கிராமசபையும் இருக்காது, ஊரக வேலைத் திட்டமும் இருக்காது, சொத்து வரியும் வேறு கணக்கு.

அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது. ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து எம்.எல்.ஏ. அலுவலகத்துக்கே முதலில் போங்கள், சண்டைக்கு இல்லை, பரிந்துரைக் கடிதத்தின் நகல் வாங்க. பெரும்பாலும் அங்கே இருக்கும் உதவியாளர் கொடுத்துவிடுவார், அவர்களுக்கும் இது பெருமைதான். அந்தத் தேதியை வைத்து ஊரக வளர்ச்சி முகமையிலும் ஒன்றியத்திலும் விசாரித்தால் கோப்பு எங்கே தூங்குகிறது என்று தெரிந்துவிடும். வாயால் சொல்லாமல் இழுத்தடித்தால் தகவல் உரிமை மனு போடுங்கள், 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தரணும், தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 'ஊருணி வேலை ஏன் நடக்கவில்லை' என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டாயம் அவர்களுக்கு இல்லை. மதிப்பீட்டின் நகல், நிர்வாக ஒப்புதல் ஆணையின் நகல், பணி ஆணையின் நகல், அளவுப் புத்தகப் பக்கங்களின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள். வேலை நடந்த பிறகு நேரில் பார்வையிடவும் மாதிரி எடுக்கவும்கூட அதே சட்டத்தில் உரிமை இருக்கிறது, சமுதாயக்கூடம் கட்டும்போது உதவும்.

திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம், ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்குங்கள். உங்கள் ஊர் ஊராட்சியாகவே இருந்தால் அடுத்த கிராமசபையில் (ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1) வரத்துக்காலை அளந்து தூர்வாரக் கோரி ஒரு தீர்மானம் போட்டு, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று நின்று பார்த்துவிட்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். எம்.எல்.ஏ.வுக்கு அடுத்து எழுதும் கடிதத்தில் அந்தத் தீர்மான எண், புல எண், ஆயக்கட்டு எவ்வளவு, நிலம் யார் பெயரில், ஊரார் பங்காக எவ்வளவு கட்டத் தயார் என்ற ஐந்தையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். இந்த விவரம் இல்லாமல் வரும் கடிதத்தை விவரம் கேட்டு ஒன்றியத்துக்குத் திருப்புவார்கள், அதிலேயே ஒரு நிதியாண்டு ஓடிவிடும்.