மகனின் கோபத்துக்கு வைட்டமின் மாத்திரை: சிறை ஆய்வை நம்பி வாங்கலாமா?

இப்போதைக்கு வாங்காதீர்கள். நீங்கள் படித்த இங்கிலாந்துச் சிறை ஆய்வு உண்மைதான்; ஆனால் உங்கள் 16 வயது மகனுக்கு அது அப்படியே பொருந்தாது.

அது அய்ல்ஸ்பரி இளம் குற்றவாளிகள் சிறையில் 231 பேரிடம் நடந்தது, 2002இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு வைட்டமின், தாது, கொழுப்பு அமில மாத்திரை. மறு பிரிவுக்கு, ஒப்பிட்டுப் பார்க்க, சத்து எதுவும் இல்லாத வெற்று மாத்திரை. சத்து மாத்திரை எடுத்தவர்களிடம் விதிமீறல் சுமார் 26 சதவீதம் குறைவு. ஆனால் அங்கே பலருடைய சாப்பாட்டிலேயே சத்துக் குறைவு இருந்தது. 2010இல் நெதர்லாந்தில் 221 கைதிகளிடம் இதே மாதிரி ஆய்வு செய்தபோதும் சிறையில் பதிவான வன்முறை, விதிமீறல் சம்பவங்கள் குறைந்தன, சரி. ஆனால் கைதிகளே நிரப்பிய கேள்வித்தாளில் கோபம் குறைந்ததாகத் தெரியவில்லை!

காலையில் டீயும் இரண்டு பிஸ்கட்டும், மதிய டப்பா பாதி அப்படியே திரும்பி வருகிறது, மாலை ஐந்தரைக்குக் கதவை அறைகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு முதல் சந்தேகம் வெறும் பசிதான்.

1. பத்து நாள் காலையில் இட்லியோடு முட்டையோ சுண்டலோ கொடுங்கள். டீ ஒரு மணி நேரம் கழித்து. உடனே குடித்தால் இரும்புச்சத்து சரியாகச் சேராது.
2. கோபம் வந்த நேரம், கடைசியாகச் சாப்பிட்டது, தூங்கிய நேரம் மூன்றையும் காலண்டரில் குறியுங்கள்.
3. அப்புறமும் மாறவில்லையென்றால் இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடலில் சேமித்த இரும்பைக் காட்டும் அளவு), வைட்டமின் பி12 பாருங்கள். மாத்திரை தொடங்கும் முன்பே பார்க்க வேண்டும், பிறகு பார்த்தால் பி12 அளவு குழப்பும். இரும்பு மாத்திரையை நீங்களாகத் தராதீர்கள்.

அடிக்கிறான், தூக்கமே இல்லை, சாவதைப் பற்றிப் பேசுகிறான் என்றால் இந்தப் பத்து நாள் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.