இலங்கையில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கும் என் அப்பா ஒரு மேசன். எழுத வாசிக்கத் தெரியாது. 45 வயதில் அவருக்கு அரசாங்கம் தமிழில் ஏதாவது படிப்போ பயிற்சியோ தருமா?

தரும். ஆனால் "முதலில் எழுத்து, பிறகு தொழில்" என்று போகாதீர்கள். தொழிலில் இருந்து தொடங்குங்கள். என் மாமாவை வைத்துத்தான் சொல்கிறேன்.

மாமாவும் மேசன்தான். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபோது ஆண்டு நாலில் இருந்தவர். இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது பள்ளிக்கூடம் இருந்தது, போகிற வயது இல்லை. கையெழுத்துப் போடுவார், அதோடு சரி. எங்கே படிவம் நீட்டினாலும் "கண்ணாடிய மறந்திட்டு வந்திட்டன், நீங்களே நிரப்புங்க" என்பார். மாமாவுக்குக் கண்ணாடியே கிடையாது. உங்கள் அப்பாவும் இப்படி ஏதாவது ஒன்று வைத்திருப்பார்.

அவருக்குக் கைகொடுத்தது என்.வி.கியூ., அதாவது தேசிய தொழில் தகைமை. வகுப்பில் குந்தியிருந்து படித்துத்தான் அதை எடுக்க வேண்டும் என்று ஊரில் பலர் நினைக்கிறார்கள். இன்னொரு வழியும் உண்டு. பல வருடம் செய்த வேலையையே கணக்கில் எடுத்து, மதிப்பீட்டாளர் முன்னால் செய்துகாட்டச் சொல்லிச் சான்றிதழ் தருவார்கள். முன்கற்றலை அங்கீகரித்தல் என்பார்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ, நைட்டா என்று எல்லோரும் சொல்லும் பயிலுனர் பயிற்சி அதிகாரசபையிலோ விசாரிக்கலாம். தகைமை 1 முதல் 7 மட்டம் வரை போகும்; கைத்தொழிலாளிக்கு வேண்டியது 3, 4. வாழ்நாள் முழுக்க மட்டம் பிடித்த மனிசனுக்கு மட்டம் 3 என்று வீட்டில் ஒரே பகிடி.

சங்கடம் வந்தது வேலையில் இல்லை, கடதாசியில். செய்த வேலைகளின் விவரம், படம், வேலை கொடுத்தவர்களின் கடிதம் எல்லாம் கேட்டார்கள். நான் பக்கத்தில் இருந்து எழுதிக் கொடுத்தேன். செய்துகாட்டும் நாளில் செங்கல் கட்டி முடித்தபிறகு வாய்மொழியாகக் கேட்ட கேள்விகளுக்குத் தமிழிலேயே பதில் சொன்னார். அந்தப் படிவத்தைத் தானே வாசிக்க முடியாமல் போனதுதான் அவரைச் சுட்டது. எழுத்துப் படிக்க வேண்டும் என்ற எண்ணமே அதற்குப் பிறகுதான் வந்தது. அதற்கு முன் நான் கேட்டபோதெல்லாம், "இந்த வயசில எனக்கென்னத்துக்கு மனே எழுத்து?" என்றுதான் சொல்லுவார்.

அந்த ஆசை வந்தால் வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய் முறைசாராக் கல்வி உத்தியோகத்தரைக் கேளுங்கள். எழுத்தறிவு வகுப்பும் சமூகக் கற்றல் நிலையங்களும் அந்தப் பிரிவின் கீழ்தான் வரும். இப்படி ஒரு வகுப்பில் நான் கொஞ்சக் காலம் படிப்பித்தேன். பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கி, யானைப் பயத்தில் ஐந்தரைக்கே மூடுவோம். வெள்ளாமை வெட்டு வந்தால் வாங்கு காலி. வந்தவர்களில் அநேகம் பேர் பெண்கள், ஆண்கள் வெட்கப்பட்டார்கள். அரிச்சுவடியை விட அரசாங்க உதவிப் பணமான அஸ்வெசுமவின் கடிதமும், கிளினிக் கொப்பியும், போனில் வரும் பெயர்களும்தான் அவர்களை இழுத்தன. ஆனால் மேலிடத்துக்குப் போன அறிக்கையில் வரவு மட்டும்தான் எண்ணப்பட்டது. யார் எதை வாசிக்கப் பழகினார் என்று ஒருவரும் கேட்கவில்லை. 2012 குடிசன மதிப்பில் நாட்டின் எழுத்தறிவு 95 வீதத்துக்கும் மேல். அதைப் பார்த்துவிட்டு இதற்கு யார் பணம் ஒதுக்கப்போகிறார்கள்?

மட்டக்களப்பில் வகுப்பும் படிவமும் பெரும்பாலும் தமிழில் கிடைத்துவிடும். அம்பாறைக்காரருக்குச் சிக்கல் கூட. திருக்கோவிலிலோ அக்கரைப்பற்றிலோ இருப்பவருக்கு மாவட்டச் செயலகம் அம்பாறை நகரில். அங்கிருந்து வந்த ஒரு பயிற்சிக் கடிதம் முழுக்கச் சிங்களத்தில் இருந்ததை நானே பார்த்தேன். 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. ஆகவே தமிழில் கேட்பது உரிமை, தயவு இல்லை. தராவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். எழுதத் தெரியாதவர் எப்படி எழுதுவார் என்று கேட்காதீர்கள், நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அக்கரைப்பற்றுப் பக்கம் தெலுங்கு பேசும் சனம் இருக்கும் அளிக்கம்பைக் கிராமத்தில் இன்னும் ஒரு படி மேலே: வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், மாவட்டக் கந்தோரில் சிங்களம்.

அப்பாவோடு போகும்போது அடையாள அட்டையும், அவர் கட்டிய வீடுகளின் நாலைந்து படங்களும், வேலை கொடுத்த இரண்டு பேரின் கடிதமும் கொண்டுபோங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசாங்கத் தகவல் நிலையத்தின் 1919க்குப் போன் அடித்தால் தமிழில் சொல்வார்கள். படிவத்தை நீங்கள் நிரப்பினாலும் அவரைப் பக்கத்தில் இருத்தி ஒவ்வொரு கேள்வியாக வாசித்துக் காட்டுங்கள். கண்ணாடிக் கதையை அவர் எடுக்க முன்னம்.