வாசகர் கேள்வி – பதில்: இறாத்தல் என்பது திணிவா, விசையா?

கேள்வி: திருகோணமலையில் மீன்பிடிப் படகுகளின் இயந்திரங்களைத் திருத்தும் வேலை செய்கிறேன். தகப்பனார் வைத்திருந்த ஆங்கிலேயர் காலத்துக் கையேட்டில், ஓர் இயந்திர எண்ணெயின் டைனமிக் பாகுநிலை 100 பாகை பரனைற்றில் ‘சதுர அடிக்கு 0.0021 இறாத்தல் செக்கன்’ என்று உள்ளது. இதைச் சென்ரிபொயிஸ் என்ற பாகுநிலை அலகுக்கு மாற்றக் கைத்தொலைபேசிச் செயலி ஒன்றைப் பயன்படுத்தினேன். அதில் ‘இறாத்தல்’ என்று தொடங்கும் தெரிவுகள் பல உள்ளன. ஒன்றைத் தொட்டால் 3.1 வருகிறது, மற்றொன்றைத் தொட்டால் 100.5 வருகிறது. எது சரி? கடையில் ‘100’ என்று எண்ணிட்ட எண்ணெய் கிடைக்கிறது. அதை இதற்குச் சமமாகக் கொள்ளலாமா?

பதில்: 100.5 தான் சரி. 1957இல் பிரித்தானியக் கடற்படை திருகோணமலைத் தளத்தைக் கையளித்துவிட்டுப் போனாலும், அக்காலத்து அலகுகள் இத்தகைய கையேடுகளில் இன்னும் நம்மோடு இருப்பதால், இரண்டு விடைகள் ஏன் வந்தன என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பிரித்தானிய முறையில் இறாத்தல் என்ற ஒரே சொல் திணிவையும் குறிக்கும், விசையையும் குறிக்கும். விசையைக் குறிக்கும்போது ஆங்கிலக் குறியீட்டின் பின்னால் ‘எஃப்’ என்ற எழுத்தைச் சேர்க்க வேண்டும். பழைய நூல்கள் பலவற்றில் அதைச் சேர்ப்பதில்லை. உங்கள் குழப்பத்துக்கு அந்த ஓர் எழுத்து இல்லாமைதான் காரணம். ஆயினும் எழுத்து இல்லாவிட்டாலும் இறாத்தல் எது என்பதைக் கண்டுகொள்ள வழியுண்டு: செக்கன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பாகுநிலை என்பது, திரவப் படைகளை ஒன்றன்மீது ஒன்றாக வழுக்கச் செய்யத் தேவைப்படும் ஓரலகுப் பரப்புக்கான விசையை, படைக்குப் படை வேகம் மாறும் வீதத்தால் வகுத்துப் பெறுவது. ஆகவே ‘சதுர அடிக்கு இறாத்தல் செக்கன்’ என்று செக்கன் மேலே பெருக்கலில் நின்றால், அந்த இறாத்தல் விசை. ‘அடி செக்கனுக்கு இறாத்தல்’ என்று செக்கன் கீழே வகுத்தலில் நின்றால், அது திணிவு.

இனிக் கணக்கு. ஓர் இறாத்தல் விசை 4.4482 நியூற்றன், ஒரு சதுர அடி 0.092903 சதுர மீற்றர். முன்னதைப் பின்னதால் வகுத்தால் 47.88 பஸ்கால் (சதுர மீற்றருக்கு நியூற்றன்) வரும். அதாவது, சதுர அடிக்கு ஓர் இறாத்தல் செக்கன் என்பது 47.88 பஸ்கால் செக்கன். உங்கள் 0.0021ஐ அதனால் பெருக்கினால் 0.1005 பஸ்கால் செக்கன். ஒரு பஸ்கால் செக்கன் 1000 சென்ரிபொயிஸ் ஆகையால் 100.5 சென்ரிபொயிஸ். திணிவு என்று எடுத்தால், 0.45359 கிலோகிராமை 0.3048 மீற்றரால் வகுத்து 1.488 என்ற காரணி கிடைக்கும், செயலி 3.1 என்று காட்டியது இதனால்தான். இரண்டு காரணிகளுக்கும் இடையே 32.17 மடங்கு வித்தியாசம். புவியீர்ப்பு ஆர்முடுகல் செக்கன் வர்க்கத்துக்கு 32.17 அடி என்பதை அறிந்தவர்களுக்கு அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பது உடனே புரியும்.

கணக்குப் போடாமலேயே தவறான விடையை ஒதுக்கவும் முடியும். 20 பாகை செல்சியசில் நீரின் பாகுநிலை ஏறத்தாழ 1 சென்ரிபொயிஸ். டீசல் அதைப் போல் சில மடங்கு. 3.1 என்பது டீசலைப் போல ஓடும் திரவம். அளவுகோல் கம்பியை இழுத்துப் பார்க்கும்போது அதன் நுனியில் திரண்டு நின்று மெதுவாக வடியும் எண்ணெய்க்கு அந்த எண் பொருந்துமா என்று உங்கள் கைக்கே தெரியும்.

‘100’ என்ற கடை எண்ணெய் வேறு விதமானது. அந்த எண் 40 பாகை செல்சியசில் அளந்த கினமற்றிக் பாகுநிலை, அதாவது டைனமிக் பாகுநிலையை அடர்த்தியால் வகுத்துப் பெறுவது. அதன் அலகு சென்ரிஸ்ரோக்ஸ். சென்ரிபொயிசாக்க, கன சென்ரிமீற்றருக்கு இத்தனை கிராம் என்ற அடர்த்தியால் பெருக்க வேண்டும். எண்ணெயின் அடர்த்தி ஏறக்குறைய 0.87 என்றால் 87 சென்ரிபொயிஸ். கையேட்டின் 100 பாகை பரனைற் என்பது 37.8 செல்சியஸ்தான், இந்த இரண்டு பாகைக் குளிர்ச்சிக்கே இத்தகைய எண்ணெய் பத்துச் சதவீதத்துக்குச் சற்று மேலாகத் தடித்துவிடும். இரண்டையும் ஒரே வெப்பநிலைக்குக் கொண்டுவந்தால் கடை எண்ணெய் நூறு சென்ரிபொயிசை ஒட்டி வருகிறது. பாகுநிலையைப் பொறுத்தவரை சமமாகக் கொள்ளலாம். இயந்திரத்துக்கு ஏற்ற சேர்க்கைப் பொருட்கள் அதில் உள்ளனவா என்பதை அலகு மாற்றம் சொல்லாது. அதை எண்ணெய்த் தகரத்தில்தான் வாசிக்க வேண்டும்.

கேள்வி: அதே கையேட்டின் பெயாரிங் அட்டவணையில் ‘மைக்ரோ ரெயின்’ என்றோர் அலகு உள்ளது. அது என்ன?

பதில்: ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் என்ற பொறியியலறிஞரின் பெயரால் வந்த அலகு அது. ஒரு ரெயின் என்பது சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் விசை செக்கன். சதுர அடியில் 144 சதுர அங்குலம் இருப்பதால் 47.88ஐ 144ஆல் பெருக்கிக் கிட்டத்தட்ட 6895 பஸ்கால் செக்கன் என்று பெறலாம். நடைமுறைக்கு இது மிகப் பெரிதாகையால் பத்து இலட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோ ரெயினையே பயன்படுத்தினர்; அது 6.895 சென்ரிபொயிஸ். மேலே பார்த்த உங்கள் எண்ணெய் இந்த அலகில் 14.6 என்று வரும்.