ஆக்சஸில் தசம எண்கள்: கேள்வி பதில்

கேள்வி: நகைக்கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்னும் தரவுத்தள மென்பொருளில் எடைக்கான புலத்தில் 7.645 கிராம் என்று உள்ளிட்டால் 8 ஆகிவிடுகிறது. ஃபார்மட்டை ஃபிக்ஸட் என்றும் டெசிமல் பிளேசஸை 3 என்றும் மாற்றினால் 8.000 என்று வருகிறது. என்ன தவறு?

பதில்: நீங்கள் மாற்றிய இரண்டும் எண் திரையில் தோன்றும் விதத்தை மட்டுமே தீர்மானிக்கின்றன, எண் எப்படிச் சேமிக்கப்படுகிறது என்பதை ஃபீல்டு சைஸ்தான் முடிவு செய்கிறது. நம்பர் வகைப் புலத்துக்கு ஆக்சஸ் தானாகத் தருவது லாங் இன்டீஜர் என்பதால், முழு எண்ணைத் தவிர வேறெதுவும் அதில் தங்காது. ஃபீல்டு சைஸை டெசிமல் என்று மாற்றி, பிரெசிஷனை (மொத்த இலக்கங்கள்) 10 என்றும் ஸ்கேலை (புள்ளிக்குப் பின் வரும் இலக்கங்கள்) 3 என்றும் அமையுங்கள். ஸ்கேல் தொடக்கத்தில் 0 ஆகவே இருக்கும். அதை மாற்ற மறந்தால் மீண்டும் 8 தான் கிடைக்கும். ஏற்கெனவே உள்ளிட்ட எடைகளின் தசமப் பகுதி அழிந்துவிட்டது, எந்த மாற்றமும் அதை மீட்டுத் தராது. எடைச் சீட்டுகளைப் பார்த்து மறுபடி உள்ளிடுவதே வழி. சிரமமான வேலைதான், ஆனால் தங்கத்தின் எடையில் தோராயத்துக்கு இடமில்லை.

கேள்வி: தசம எண்களை ஏற்கும் சிங்கிள் வகைப் புலத்தில் 0.1 என்று தெளிவாகத் தெரிகிறது. வினவலில் (தரவைத் தேடும் கட்டளையில்) 0.1-ஐத் தேடினால் ஒரு பதிவும் வருவதில்லையே?

பதில்: மூன்றில் ஒரு பங்கை நாம் 0.3333 என்று முடிவின்றி எழுத நேர்வதைப் போலவே, பத்தில் ஒரு பங்கு இரும எண்முறையில் முடிவின்றி நீள்கிறது. 0.5, 0.25 போன்றவை துல்லியமாக அடங்கும், 0.1 அடங்காது. சிங்கிள் ஏறத்தாழ 7 இலக்கங்களோடு நின்றுவிடுவதால், அதிலுள்ள மதிப்பை, கூடுதல் இலக்கங்களை வைத்துக்கொள்ளும் டபுள் வகைக்கு விரித்தால் 0.100000001490116 என்று வெளிப்படும். தேடும் 0.1 டபுள் என்பதால் இரண்டும் சமமாவதில்லை. பணத்துக்குக் கரன்சி வகையையே பயன்படுத்துங்கள்; அது தொகையை 10,000-ஆல் பெருக்கி முழு எண்ணாக வைத்துக்கொள்வதால் நான்கு தசம இடங்கள் வரை பிசகுவதில்லை. நான்குக்கு மேல் தேவைப்பட்டால் டெசிமல்.

கேள்வி: கரன்சியே வைத்திருக்கிறேன். 31 ரூபாயை மூவருக்குச் சமமாகப் பிரித்தால் பட்டியலில் மூன்று 10.33-உம் கீழே 31.00-உம் அச்சாகின்றன. வாடிக்கையாளர் கூட்டிப் பார்த்து 30.99 தானே என்கிறார்.

பதில்: அவர் கேட்பது நியாயம். உள்ளே இருப்பது 10.3333, மூன்றையும் கூட்டிய 30.9999 தான் 31.00 என்று காட்டப்படுகிறது. கண்ணுக்குத் தெரியும் எண்ணும் கூட்டப்படும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டுமானால், ஒவ்வொரு வரியையும் பைசாவுக்கு முழுமையாக்கிய பிறகே சேமித்து, மிஞ்சும் ஒரு பைசாவைக் கடைசி வரியில் சேர்த்து 10.34 ஆக்க வேண்டும். முழுமையாக்கும்போது ரவுண்ட் சார்பில் கவனம் தேவை: சரிபாதியில் நிற்கும் எண்ணை அது அருகிலுள்ள இரட்டைப்படை இலக்கத்துக்குக் கொண்டுசெல்லும். 0.125 அதில் 0.12 ஆகும், அதே எண்ணை இரண்டு தசம இடங்களோடு ஃபார்மட் சார்பு 0.13 என்று காட்டும். பாதியை எப்போதும் மேலே ஏற்றுவது உங்கள் வழக்கமென்றால், தொகையை 100-ஆல் பெருக்கி, 0.5 கூட்டி, இன்ட் சார்பால் முழு எண்ணாக்கி, மீண்டும் 100-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாரிசில் கடை வைத்திருக்கிறேன். நிரலில் வினவலை எழுத்துச் சரமாக அமைத்தால், தசம எண் வரும்போது மட்டும் பிழை வருகிறது.

பதில்: பிரெஞ்சு விண்டோஸ் 12.5-ஐ 12,5 என்று எழுதும். வினவல்கள் எழுதப்படும் மொழியான எஸ்கியூஎல் அந்தக் காற்புள்ளியைப் பிரிப்புக் குறியாகவே படிக்கும். எண்ணைச் சரத்தில் இணைக்கும் இடத்தில் எஸ்டிஆர் (Str) சார்பைப் பயன்படுத்துங்கள், அது எந்த நாட்டு அமைப்பிலும் புள்ளியையே இடும்.