ரீபோர் செய்து கட்டிய அம்பாசடர் இன்ஜின் ஐடிலில் உதறுகிறது, எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

ரீபோர் (சிலிண்டர்களின் உட்புறத்தைக் கடைந்து அகலமாக்குதல்), புதிய பிஸ்டன், வால்வு கிரைண்டிங் எல்லாம் முடித்துக் கட்டிய 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் சூடான பின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும் நிலையில்) உதறுகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் பெருமளவு சீராகிவிடுகிறது, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் எஸ்.யு. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தும் பயனில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இதே இன்ஜின் உள்ள அம்பாசடரை நானும் வைத்திருக்கிறேன். அதற்கும் முழு இன்ஜின் வேலை செய்த பிறகு ஏறக்குறைய இதே கோளாறு வந்தது. என் முதல் வேண்டுகோள், கார்புரேட்டரை இனி கடைசி வரை தொடாதீர்கள் என்பதுதான். வேலைக்குப் போகும்முன் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கார்புரேட்டர், இன்ஜினைக் கழற்றி மாட்டிய ஒரே காரணத்தால் கெட்டுப்போவது அரிது. வேலையின்போது எதைத் திறந்தார்களோ, எதைப் புதிதாக மாற்றினார்களோ, அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

கருவி எதையும் எடுப்பதற்கு முன் இந்த உதறல் எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். வேகம் கூடக்கூட அதிர்வும் கூடினால், பிஸ்டன்களின் எடை வேறுபாடு, ஃப்ளைவீல், கிளட்ச், கடினமான புது மவுண்டிங் ரப்பர் ஆகியவற்றை நோக்கிப் போக வேண்டும். உங்கள் இன்ஜினில் வேகம் கூடினால் உதறல் அடங்குகிறது. ஆகவே இது மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டர் சரியாக எரியாமல் விடுவது. அதிலும் தீப்பொறி தரும் கண்டென்சர், காயில், பிளக் வயர் ஆகியவற்றின் கோளாறு பெரும்பாலும் பளு ஏறும்போது மோசமாகும். ஐடிலில் மட்டும் மோசமாக இருப்பது, எங்கோ திருட்டுக் காற்று (கசிவு வழியே வரும் காற்று) உள்ளே புகுவதற்கோ ஒரு வால்வு முழுதாக மூடாமல் இருப்பதற்கோ உள்ள அடையாளம்.

அடுத்து, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடியுங்கள். இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் காப்பிட்ட இடுக்கியால் கழற்றிப் பாருங்கள். கழற்றிய வயரின் முனையில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அதன் உலோகப் பகுதி இன்ஜின் மீது படும்படி வைத்தால் காயிலுக்குக் கேடு வராது. நன்றாக வேலை செய்யும் சிலிண்டரின் வயரைக் கழற்றினால் இன்ஜின் சட்டென்று தளரும். தளராத சிலிண்டரே குற்றவாளி. எத்தனை சிலிண்டர் பலவீனம் என்பதைவிட, எந்தெந்த சிலிண்டர்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. காரணம் இந்த இன்ஜினின் அமைப்பு. 1950களில் பிரிட்டனில் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலும் எம்.ஜி.ஏ.விலும் ஓடிய பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) ‘பி’ வரிசை இன்ஜின்தான் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரான அம்பாசடருக்கு வந்தது. அதன் ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடியில்) நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து, கலவை உள்ளே வரும் இன்லெட் துளைகள் இரண்டே: 1, 2 ஆகியவற்றுக்கு ஒன்று, 3, 4 ஆகியவற்றுக்கு ஒன்று. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் துளைகள் மூன்று. நடுவில் உள்ளதை 2, 3 ஆகிய இரண்டும் பகிர்ந்துகொள்கின்றன.

ஒரே ஒரு சிலிண்டர் பலவீனம் என்றால் பிளக், வயர், டேப்பட் (வால்வை இயக்கும் பாகம்), வால்வு என்று அந்த இடத்திலேயே தேடலாம். 2, 3 இரண்டும் செத்துக் கிடந்தால் முதலில் வயர் வரிசையைப் பாருங்கள். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை, 1-3-4-2. இந்த இன்ஜினில், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தீப்பொறியைப் பகிரும் ரோட்டார் சுற்றுவதோ கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில். பழக்கத்தில் யாராவது வலஞ்சுழியாக வயர்களைச் செருகிவிட்டால் 1, 4 சரியாக எரியும், 2, 3 இடம் மாறி கார்புரேட்டர் வழியே துப்பும். வயர் சரியாக இருந்தும் அந்த இரண்டும் பலவீனம் என்றால், அவற்றுக்கு இடையே ஹெட் கேஸ்கட் கசிகிறதா என்று கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தை அளக்கும் கருவி) சொல்லிவிடும். 1, 2 அல்லது 3, 4 ஜோடியாகப் பலவீனமாகி, கம்ப்ரஷன் மட்டும் நன்றாக இருந்தால், அந்தப் பக்கத்து இன்லெட் துளையில் காற்றுக் கசிவு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம்.

என் காரில் நடந்தது இந்தக் கடைசி வகைதான். இந்த இன்ஜினில் இன்லெட் மேனிஃபோல்டும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (துளைகளோடு இணையும் குழாய்த் தொகுதிகள்) ஒரே பக்கத்தில், ஒரே கேஸ்கட்டின் மீது, பல ஸ்டட்களைப் பகிர்ந்துகொண்டு உட்காருகின்றன. தடித்த வாஷர் ஒன்று ஒரு விளிம்பால் இன்லெட்டின் காதையும் (ஓரத்தில் நீண்டிருக்கும் பிடிப் பகுதி) மறு விளிம்பால் எக்ஸாஸ்ட்டின் காதையும் அழுத்திப் பிடிக்கிறது. வேலையின்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் முகத்தை மட்டும் லேத்தில் கொடுத்துச் சமன் செய்திருந்தார்கள். அதனால் அதன் காது மெலிந்து, வாஷர் சாய்ந்து உட்கார்ந்து, இரண்டில் ஒன்றைத்தான் இறுக்கமாகப் பிடித்தது. நட்டை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. கேஸ்கட்டைப் புதிதாக மாற்றினாலும் பயனில்லை. நேர்விளிம்புச் சட்டம் ஒன்றை இரண்டு காதுகளின் மேலும் குறுக்கே வைத்துப் பார்த்தபோது படி போன்ற உயர வேறுபாடு தெரிந்தது. இரண்டையும் ஒன்றாகப் பிணைத்து மீண்டும் சமன் செய்து, காதுகளின் கனத்தையும் ஒன்றாக்கிய பிறகே ஐடில் அமைதியானது.

இந்தக் கசிவைத் தேட, எரியக்கூடிய ஸ்பிரேக்களை அடித்துப் பார்க்கச் சொல்வார்கள். எக்ஸாஸ்ட் அதே பக்கத்தில் சூடாக இருப்பதால் நான் அதை ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். இன்ஜின் அதிகம் சூடேறும் முன்னரே, இன்லெட் இணைப்பில் மட்டும் தண்ணீரை மெல்லிய தூவலாகத் தெளித்து ஐடில் மாறுகிறதா என்று கேளுங்கள். கார்புரேட்டரில் த்ராட்டிலைத் திருப்பும் தண்டான த்ராட்டில் ஸ்பிண்டிலின் இரு முனைகளிலும், டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் வேக்குவம் அட்வான்ஸ் குழாயிலும் அப்படியே செய்யுங்கள். தேய்ந்த ஸ்பிண்டில் வழியே புகும் காற்றை எந்த மிக்ஸ்சர் திருகலும் ஈடுசெய்யாது.

கம்ப்ரஷன் பார்க்கும்போது நான்கு பிளக்கையும் கழற்றி, த்ராட்டிலை முழுதாகத் திறந்து வைத்துச் சுழற்றுங்கள். புது ரிங்குகள் இன்னும் படியாததால் அளவு சற்றுக் குறைவாக இருப்பது கவலைக்குரியதன்று; நான்குக்கும் இடையே பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு இருப்பதே கவலை. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மீண்டும் பாருங்கள். அளவு ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட்.

டேப்பட் இடைவெளி இந்த இன்ஜினுக்கு 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. முன்னிருந்து பின்னாக வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண்ணிட்டு, முழுதாகத் திறந்திருக்கும் வால்வின் எண்ணுடன் கூட்டினால் 9 வரும் வால்வைச் சரிசெய்வதே எளிய முறை. 8 திறந்திருந்தால் 1, 6 திறந்திருந்தால் 3. வால்வை அழுத்தும் ராக்கரின் முனையில் குழி விழுந்திருந்தால் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) அந்தக் குழியின் மேல் பாலம் போல் கிடந்து பொய்யான அளவைக் காட்டும். அத்தகைய ராக்கரை முதலில் தீட்டவோ மாற்றவோ வேண்டும். ஹெட்டை மறுபடி டார்க் செய்தால் (குறித்த அளவுக்கு இறுக்கினால்) இடைவெளி குறையும் என்பதால், அதன்பின் டேப்பட்டைக் கட்டாயம் மறுபடி பார்க்க வேண்டும். குளிரில் நன்றாக ஓடி, சூடானதும் ஐடில் கெடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது, இடைவெளி குறைந்த எக்ஸாஸ்ட் வால்வுக்கும் பொருந்துகிறது. அப்படியே ஓட்டினால் வால்வு எரிந்துவிடும். ஆகவே இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மின்சாரப் பக்கம் விரைவாக முடிந்துவிடும். இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையிலான எர்த் பட்டையை மாட்ட மறந்திருக்கிறார்களா என்று பாருங்கள். மறந்திருந்தால் ஸ்டார்ட்டர் சுற்றும்போது சோக் கேபிள் சூடாகும். டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.014 முதல் 0.016 அங்குலம். டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் தெரிகிறது என்றால், புஷ் மாற்றாமல் எந்த இடைவெளியும் நிலைக்காது. உள்ளே தட்டுக்கும் உடலுக்கும் இடையே ஓடும் சின்ன எர்த் வயர் உறைக்குள்ளேயே அறுந்திருப்பதும் உண்டு. வேலையின்போது போட்ட புது கண்டென்சரையும் ரோட்டாரையும், புதிது என்பதற்காக நம்பிவிடாமல், பழையதை ஒருமுறை மாட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே கார்புரேட்டர். அதற்குள் இருக்கும் பிஸ்டனைத் தூக்கி விட்டால் தடையின்றி இறங்கிக் கிளிக் என்று அடியில் தட்ட வேண்டும். ஐடிலில் அதை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மட்டும் தூக்கினால், வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் அணையப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் லேசாக ஏறி இறங்கினால் சரி. இப்போது பங்க்குகளில் கிடைக்கும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, இந்த இன்ஜின் வடிவமைக்கப்பட்ட காலத்துப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்றே போதும். ஆகவே பழைய அமைப்பில் கலவை சற்று மெலியும், பெட்ரோல் வரும் ஜெட்டைக் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும். எத்தனால் தாங்காத பழைய ரப்பர் ஹோஸ்களையும் பம்ப் டயாஃப்ரத்தையும் கையோடு மாற்றிவிடுங்கள்.

இத்தனைக்கும் அசையாமல் நான்கு சிலிண்டரும் ஒரே மாதிரி பலவீனமாக இருந்தால், டைமிங் செயின் ஒரு பல் தள்ளி மாட்டப்பட்டிருக்கலாம். முன் கவரைத் திறந்தால், இரண்டு ஸ்ப்ராக்கெட்டிலும் உள்ள புள்ளிகள் ஒன்றையொன்று நோக்கி, இரு மையங்களையும் இணைக்கும் நேர்கோட்டில் நிற்க வேண்டும். அந்த நிலைக்கு வருமுன் வயர் கழற்றிப் பார்த்த முடிவையும் நான்கு சிலிண்டரின் கம்ப்ரஷன் அளவுகளையும் இங்கே எழுதுங்கள். கவரைத் திறக்கத்தான் வேண்டுமா என்பதை அவற்றைப் பார்த்தே சொல்லிவிட முடியும்.