ஓப்பன் டபிள்யூஆர்டி போட்ட ரூட்டரில் ஸ்மார்ட் ஸ்விட்ச் இணையவில்லை: பழைய மென்பொருளுக்கே திரும்ப வேண்டுமா?

திரும்ப வேண்டாம். நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ரூட்டரில் கம்பெனி கொடுத்த மென்பொருளை எடுத்துவிட்டு ஓப்பன் டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருளைப் போட்டீர்கள். கைபேசியும் மடிக்கணினியும் உடனே இணைந்துவிட்டன. பல்புகளும் ஸ்மார்ட் ஸ்விட்சுகளும் மட்டும் முரண்டு பிடிக்கின்றன. வீட்டில் எல்லோரும் உங்களையே முறைக்கிறார்கள். கடைசி வரி உங்கள் கேள்வியில் இல்லை, நானாகச் சேர்த்தது. ரூட்டரில் கைவைத்தவன் வீட்டில் ஃபியூஸ் போனாலும் பழி அவன் தலையில்தான் விழும்.

முதலில் எல்லோரும் சொல்லும் சங்கதிகளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். மலிவான ஸ்மார்ட் கருவிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் மட்டுமே பேசும். இஎஸ்பி8266 சில்லு உள்ளவை அப்படித்தான். 2.4 அலைவரிசையில் சேனலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றில் வையுங்கள். இந்தியாவில் 13 வரை அனுமதி உண்டு. ஆனால் அமெரிக்கச் சந்தைக்கென அமைக்கப்பட்ட கருவிக்கு 11-க்கு மேல் காது கேட்காது. அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். கருவியை ஒரு ரூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாகக் கைமாற்றும் 802.11ஆர் என்ற வசதி இயங்கினால் அணைத்துவிடுங்கள். ஒரே ரூட்டர் உள்ள வீட்டில் அதற்கு வேலையே இல்லை. இவ்வளவும் செய்தபின்னும் இணையவில்லை என்றால்தான் விஷயமே தொடங்குகிறது.

காட்பாடி காந்தி நகரில் என் அக்கா வீடு. வீட்டின் பின்புறம் மோட்டார் அறை. அக்காவுக்கு மூட்டுவலி, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற ஒவ்வொரு முறையும் படியிறங்கிப் போகவேண்டாமே என்று ஒரு ஸ்மார்ட் ஸ்விட்ச் வைத்துக்கொடுத்தேன். (ஒரு குதிரைத்திறன் மோட்டாரை ஸ்மார்ட் ஸ்விட்சில் நேராகக் கோத்தாயா என்று கேட்கக் காத்திருப்பவர்களுக்கு: இல்லை. ஸ்விட்ச், கான்டாக்டர் என்ற பெரிய மின்காந்த ஸ்விட்சின் சுருளை மட்டும் இயக்குகிறது. மோட்டாரின் மின்சாரம் கான்டாக்டர் வழியாகப் போகிறது. மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் மின்சாரம் ஓடும்போது இழுப்பதைப்போலப் பல மடங்கு என்பது எனக்கும் தெரியும்.) மாடியில் கல்லூரிப் பிள்ளைகள் வாடகைக்கு இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனி வைஃபை பிரித்துத் தரவேண்டியிருந்தது. இருந்த ரூட்டருக்குக் கம்பெனி புதுப்பிப்பு தருவதையே நிறுத்திவிட்டது. அதனால் ஓப்பன் டபிள்யூஆர்டி போட்டேன். மறுநாளே மோட்டார் ஸ்விட்ச் காணாமல் போனது.

அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் மச்சான், இது திருட்டு சாஃப்ட்வேரா?" அன்று வாயடைத்து நின்றதற்குச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன். 2002 கடைசியில் லிங்க்ஸிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீல நிற ரூட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே ஓடியது லினக்ஸ் என்று கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தின்படி மூலநிரலைத் தந்தாக வேண்டும், 2003-இல் தந்தார்கள். அதிலிருந்து 2004-இல் பிறந்ததுதான் ஓப்பன் டபிள்யூஆர்டி. பெயரின் பின்பாதி அந்த நீலப் பெட்டியுடையது. நாள்வெளிச்சத்தில், உரிமத்தோடு, இருபது ஆண்டுகளாக நடக்கும் வேலை. இதைத் திருட்டு என்கிறவர், தான் வாங்கிய பொருளுக்குக் கம்பெனியிடம் ஆயுள் முழுக்க வாடகை கட்டச் சம்மதிக்கிறவர்.

மாமா கடைத்தெருவிலிருந்து ஒருவரை அழைத்துவந்தார். அவர் ரூட்டரைப் புரட்டிப் பார்த்தார், விளக்குகளை எண்ணினார், "கம்பெனி சாஃப்ட்வேரையே போட்டுவிடுங்கள் சார்" என்று சொல்லிப் பணம் வாங்கிக்கொண்டு போனார். ரூட்டர் தனக்குள் நடப்பதைக் குறித்துவைக்கும் லாக்கில் ஒரு வரியைக்கூடப் பார்க்கவில்லை. பார்க்கும் வழக்கமே அந்தத் தொழிலில் இல்லை போலிருக்கிறது.

லாக்கைப் பாருங்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டுகிறேன். ரூட்டரின் அமைப்புகளை உலாவியில் காட்டும் லூசி பக்கத்தில் ஸ்டேட்டஸ் என்பதன் கீழ் சிஸ்டம் லாக் இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்மார்ட் கருவியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். ஹோஸ்ட்ஏபிடி (ரூட்டரில் வைஃபையை நடத்தும் நிரல்) என்று தொடங்கும் வரிகளை மட்டும் கவனியுங்கள். கருவியைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை என்றால் ரூட்டரின் குரலே அதற்குக் கேட்கவில்லை: சேனல், அலைவரிசை, தொலைவு இவற்றில் தேடுங்கள். 'பாசிபிள் பிஎஸ்கே மிஸ்மேட்ச்' என்று வந்தால் கடவுச்சொல் பொருந்தவில்லை. 'அசோசியேட்டட்' என்று வந்து, அடுத்த சில நொடிகளில் 'டீஆத்தென்டிகேட்டட்' என்று வந்து, மறுபடி அதே இரண்டும் மாறி மாறி ஓடினால், கதவு வரை வந்துவிட்டு உள்ளே நுழைய முடியாமல் திரும்புகிறது என்று பொருள்.

அக்கா வீட்டில் மூன்றாவது வகை. ரூட்டரில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 என்ற பழைய, புதிய வைஃபை பூட்டுகள் இரண்டும் கலந்த முறை இருந்தது. கைபேசிக்கு அது உகந்தது. பழைய நிரலோடு விற்கப்படும் ஸ்விட்சுகள் சிலவற்றுக்கு ரூட்டர் இரண்டு முறைகளையும் சேர்த்து அறிவித்தாலே குழப்பம். துண்டிப்பு போன்ற வைஃபை கட்டளைகளை வெளியார் போலியாக அனுப்பாமல் காக்கும் 802.11டபிள்யூ என்ற பாதுகாப்பும் அவற்றுக்கு ஒத்துவராது. தீர்வு எளிது. முதன்மை வைஃபையைத் தொடவே வேண்டாம். 2.4 ரேடியோவில் இரண்டாவதாக ஒரு வைஃபை பெயர் உருவாக்கி, அதற்கு டபிள்யூபிஏ2-பிஎஸ்கே முறையும் சிசிஎம்பி என்ற மறையாக்கமும் மட்டும் கொடுத்து, 802.11டபிள்யூவை முடக்குங்கள். பெயரும் கடவுச்சொல்லும் எளிய ஆங்கில எழுத்தும் எண்ணுமாக இருக்கட்டும். மோட்டார் ஸ்விட்ச் உள்ளே வந்துவிட்டது. பிள்ளைகளின் வைஃபையும் தனியாக ஓடியது.

செயலியில் புதிதாகச் சேர்க்கும்போது தடுமாறினால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். பல ஸ்விட்சுகளின் 'ஈசி மோட்' விந்தையானது. கருவிக்கு இன்னும் கடவுச்சொல் தெரியாது, ஆகவே காற்றில் வரும் பொட்டலத்தைப் பிரிக்க முடியாது. ஆனால் பூட்டியிருக்கும் பொட்டலத்தின் நீளத்தை வெளியிலிருந்தே அளக்கலாம். கைபேசிச் செயலி கடவுச்சொல்லை எழுத்தெழுத்தாகப் பொட்டலங்களின் நீளமாக மாற்றி அனுப்புகிறது. ஸ்விட்ச் நீளங்களை அளந்து எழுத்துக் கூட்டிக்கொள்கிறது. இந்தப் பொட்டலங்கள் எல்லோருக்குமாக ஒலிபரப்பாகிப் போகவேண்டியவை. கருவிகள் ஒன்றோடொன்று பேசாமல் தடுக்கும் 'ஐசோலேட் கிளையன்ட்ஸ்' ரூட்டரில் இயங்கினாலோ, கைபேசி வேறு வைஃபை பிரிவில் இருந்தாலோ ஸ்விட்சுக்கு எதுவும் எட்டாது. அப்போது ஸ்விட்ச் தானே ஒரு வைஃபை திறக்கும் 'ஏபி மோட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு இந்த வித்தை தேவையில்லை.

மோட்டார் அறைபோலச் சிக்னல் மெலிந்த இடத்தில் இணைந்த பின்னும் அடிக்கடி விழுந்தால், 'டிஸ்அசோசியேட் ஆன் லோ அக்னாலெட்ஜ்மென்ட்' என்ற தேர்வை எடுத்துவிடுங்கள். பதில் சரியாக வராத கருவியை ரூட்டர் துண்டித்துவிடும் ஏற்பாடு அது, முன்னிருப்பாகவே இயங்கும்.

இத்தோடு முடியும் என்று நினைத்தேன். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் மின்சாரத்தை நிறுத்தி மாலையில்தான் கொடுத்தார்கள். வேலூர் வெயிலில் அந்த நாள் எப்படியிருக்கும் என்று இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். மின்சாரம் வந்தது, வைஃபை வந்தது, ஸ்விட்ச் இணைந்தது. செயலியில் மட்டும் 'ஆஃப்லைன்'. மாமா ஒன்றும் பேசாமல் பின்பக்கம் போய் மோட்டாரைக் கையால் போட்டுவிட்டு வந்தார். திட்டியிருந்தால் தேவலை.

காரணம் கடிகாரம். இத்தகைய ரூட்டர்களில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. மின்சாரம் போய் வந்தால், தன் அமைப்புக் கோப்புகளில் கடைசியாக மாற்றிய கோப்பின் தேதியையே இன்றைய தேதியாக ஓப்பன் டபிள்யூஆர்டி எடுத்துக்கொள்ளும். தளங்களின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ்; அதை வெளியார் பார்க்க முடியாதபடி பூட்டி வைத்திருந்தேன். சில மாதங்கள் பின்னால் இருக்கும் ரூட்டர், பூட்டிய டிஎன்எஸ் சேவையின் சான்றிதழைப் பார்த்து 'இது இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லையே' என்று மறுக்கிறது. டிஎன்எஸ் இல்லாமல் நேரம் சொல்லும் சர்வரின் முகவரி கிடைக்காது. நேரம் கிடைக்காமல் டிஎன்எஸ் வராது. நேரம் சொல்லும் அந்த என்டிபி சர்வர்களின் வரிசையில் பெயருக்குப் பதிலாக எண் முகவரி ஒன்றையும் சேர்த்ததும் முடிச்சு அவிழ்ந்தது. பூட்டிய டிஎன்எஸ் எதற்கு என்று கேட்காதீர்கள். என் வீட்டார் எந்தத் தளம் பார்க்கிறார்கள் என்பது இணைப்புக் கொடுப்பவருக்கு எதற்கு?

இப்போது ஸ்விட்ச் பிசகில்லாமல் வேலை செய்கிறது. போர்வெல்லில்தான் தண்ணீர் இல்லை. 2016-இலேயே வேலூர் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம்பிடித்துவிட்டது. பாலாற்றுக்கு அந்தச் செய்தியை யாரும் சொல்லவில்லை. கர்நாடகத்தில் பிறந்து, ஆந்திரத்தின் தடுப்பணைகளைத் தாண்டி நம்மிடம் வருவது கொஞ்சம். அதைப் பிடித்து வைக்கவேண்டிய மணலையும் லாரி லாரியாக அள்ளிவிட்டோம். 2021 நவம்பரில் வெள்ளம் கரைபுரண்டபோது பாலத்தில் நின்று படம் பிடிக்காதவர் இல்லை. அந்த நீர் நிலத்துக்குள் இறங்க மணல் எங்கே மிச்சம் இருந்தது? காட்பாடியில் கைப்பம்பை அடித்துத் தண்ணீர் குடித்து வளர்ந்த எனக்கு, இன்று காற்றை உறிஞ்சி உறுமும் மோட்டாரைக் கைபேசியில் அணைக்க முடிவது என்ன பெருமை?

கேள்விக்கு வருகிறேன். பழையதற்குத் திரும்பத்தான் போகிறீர்கள் என்றாலும், அதற்கு முன் லாக்கில் அந்த ஹோஸ்ட்ஏபிடி வரிகளில் ஒரு பத்தை எடுத்து இங்கே கருத்தில் ஒட்டுங்கள். கருவியின் அடையாள எண்ணான மேக் முகவரியின் பின்பாதியையும் வைஃபை பெயரையும் அழித்துவிட்டு ஒட்டுங்கள். ரூட்டரின் மாடலோடு அதன் பதிப்பு எண்ணும் வேண்டும். ஒரே பெயரில் விற்கும் பெட்டிக்குள் பதிப்புக்குப் பதிப்பு சில்லு மாறும். அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் 'வெர்' என்று போட்டிருப்பார்கள்.